ஆயிரம் லூமனும் தொண்ணூறாயிரம் லூமனும்

தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என்னைத் தம்பிதான் கடைக்குக் கூப்பிட்டான். “பகலில வந்து இருங்கோவன் அக்கா. நான் வெளிவேலைக்குப் போய்வர வசதியாயிருக்கும்” என்றான். என் வீடு இருக்கிற லிங்கநகரில் இருந்து அவன் கடைக்கு ஓட்டோவில் பெரிய தூரமில்லை. துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில், மீன் லொறிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை. பல்ப், வயர், சுவிச், மின்விசிறி எல்லாம் இருந்தாலும் அங்கே அதிகம் விற்பது டோர்ச்தான். வள்ளக்காரர், காவல்காரர், கப்பல் திருத்துகிறவர்கள், மூதூர்ப் பக்கத்து வயல்காரர் என்று யாராவது ஒருவர் டோர்ச் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள்.

போன முதல் கிழமையே எனக்கு அருவருப்புத் தொடங்கிவிட்டது. திருத்தக் கொண்டுவரும் பழைய டோர்ச்சுகளைத் திறந்து பார்ப்பது என் வேலை. மூடியைத் திருகினால் உள்ளே பற்றரி பொருமி வெடித்து, மண்ணிறக் களி ஒன்று வடிந்து, ஸ்பிரிங்கில் பச்சையாக ஏதோ பூத்திருக்கும். விரலில் பட்டால் முதலில் வழுக்கும், பிறகு அரிக்கும். மணத்தைச் சொல்லவே வேண்டாம். பழுதான கருவாட்டைத் துருவோடு சேர்த்து ஊறவைத்தது மாதிரி. அந்த நாட்களில் மத்தியானச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். ஆனாலும் அது வெறும் அழுக்கு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கடையின் முன்தட்டு முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கழுகோ ஒரு மின்னலோ பாய்ந்துகொண்டிருக்கும். அதன் கீழே கொட்டை எழுத்தில் இலக்கம். இருபதாயிரம் லூமன். ஐம்பதாயிரம் லூமன். தொண்ணூறாயிரம் லூமன். வருகிறவர்கள் டோர்ச்சைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள். “இதைவிடக் கூடினது இல்லையோ?” என்று கேட்காத ஆளே இல்லை. எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரி அலையும் மான்கள் கடைவாசலில் எறிகிற வெறும் பெட்டிகளைத் தின்ன வரும். ஒருநாள் ஒரு மான் தொண்ணூறாயிரம் என்று எழுதிய மட்டையை ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது. நான் கலைக்க எழும்பினேன். தம்பி மறித்தான். “விடுங்கோ அக்கா, மானுக்கும் பெரிய இலக்கம்தான் விருப்பம்” என்று சிரித்தான். அப்போது நானும் சிரித்தேன்.

லூமன் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. வேலையில்லாத ஒரு நேரம், வீட்டுக்குப் போடுகிற ஒன்பது வோட் பல்ப் பெட்டியை எடுத்து வாசித்தேன். எண்ணூறு லூமன் சொச்சம் என்று இருந்தது. ஒரு அறைக்கு அந்த வெளிச்சம் தாராளம். மேசையில் கிடந்த தொண்ணூறாயிரம் லூமன் டோர்ச்சை மறுகையில் எடுத்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அப்படியானால் நூறு அறைகளின் வெளிச்சம் இந்தக் குழாய்க்குள் இருக்கிறதா? பல்ப்பாவது சுவரில் இருந்து மின்சாரம் எடுக்கிறது. இதற்குள் இருப்பது பெருவிரல் தடிப்பில் ஒரே ஒரு பற்றரி.

தம்பி வந்ததும் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், சொல்லித்தருவதிலும் கெட்டிக்காரன்.

“லூமன் எண்டது டோர்ச்சில இருந்து மொத்தமா எவ்வளவு வெளிச்சம் வெளியில வருகுது எண்ட அளவு அக்கா. வோல்ற் வேற. தண்ணித் தாங்கி எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு வையுங்கோ, அதுதான் வோல்ற். பற்றரியில மில்லி அம்பியர் மணி எண்டு போட்டிருக்கே, அது தாங்கிக்குள்ள எவ்வளவு தண்ணி கிடக்கு எண்டது.”

“இந்தப் பற்றரியில 3.7 வோல்ற் எண்டு போட்டிருக்கு.”

“அது நடுமட்டம். நிறைய சார்ஜ் போட்டா 4.2 காட்டும். எல்.ஈ.டி. எரியிறதுக்கு மூண்டு வோல்ற் அளவில வேணும். பற்றரி அந்த மட்டத்துக்கு இறங்கினா வெளிச்சம் செத்துப்போகும். சின்னப் பற்றரி மூண்டு போடுற டோர்ச் எண்டா நாலரை வோல்ற். அதை மட்டுப்படுத்த ஒரு தடை வைக்கவேணும். மலிவுச் சாமானில அதையும் வைக்கமாட்டாங்கள். அதுதான் கெதியில நீலம் பாரிச்சுச் சாகிறது.”

மீற்றரை எடுத்து, இரண்டு முனைகளையும் பற்றரியின் தலையிலும் அடியிலும் வைத்து வோல்ற் பார்க்கவும் காட்டித்தந்தான்.

“அப்ப இந்தத் தொண்ணூறாயிரம்?”

“அது பெட்டிக்கு அக்கா” என்றான். “வெளிநாட்டில அடிச்சு வாறது. நாங்கள் என்ன செய்யிறது?”

எங்கோ ஒரு தொழிற்சாலைக்காரன் பொய் சொல்கிறான், தம்பி வெறுமனே விற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பதில்கள் கிடைத்தால் மனம் அதற்குமேல் தேடுவதில்லை.

மாரி நெல் பால்பிடிக்கும் காலத்தில், வெயில் ஏறிய ஒரு நேரம், கிளிவெட்டியில் இருந்து ஒரு வயல்காரரும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு என் வயது இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மனைவி கைப்பையில் இருந்து சீலைத் துண்டில் சுற்றிய டோர்ச்சை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கடைச் சாமான்தான், ஐம்பதாயிரம் லூமன்.

தம்பி கதிரையில் இருந்து மீன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். “என்ன ஐயா, கையில என்ன?” என்று கேட்டான்.

“யானை தம்பி” என்றார் அவர், மழை என்று சொல்வது மாதிரி. “பொழுதுபட வரம்பில நிண்டுது. இதை அடிச்சனான். முதல் நல்லா எரிஞ்சுது. அதுவும் திரும்பி நிண்டது. பிறகு பார்த்தா மின்மினி மாதிரிப் போச்சு.”

“வெளிச்சம் நூந்ததும் அது இவரைப் பார்த்து வந்திட்டுது” என்றார் மனைவி. “ஓடினவர் வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டார். அது வேலியை மிதிச்சுக்கொண்டு அங்கால போனது கடவுள் செயல். இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்ச தனிய வந்திருக்கவேணும். வந்துதான் என்ன?”

அவர் மனைவியை அடக்கினார். “தம்பியில பிழை இல்லை. நான் சார்ஜ் போட்ட விதம் பிழையோ தெரியாது. இதைவிடக் கூடின இலக்கம் இருந்தா ஒண்டு தாங்கோ.”

தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று அவனைப் பார்த்தேன். அவன் எண்ணெய் விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பி, தட்டில் இருந்து தொண்ணூறாயிரத்தை எடுத்தான்.

“அது பழைய மொடல் ஐயா. இது புதுசா வந்தது. யானை என்ன, கப்பலையே திருப்பலாம்.”

அவன் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பழைய டோர்ச்சைக் கையில் எடுத்தேன். சுவிச்சை அழுத்தினேன். கண்ணாடிக்குள் ஐந்து எல்.ஈ.டி. இருந்தது. புதிதாக இருக்கும்போது கண் கூசும், யாரும் நேரே பார்ப்பதில்லை. இப்போது பற்றரி இறங்கிக் கிடந்ததால் நேரே பார்க்க முடிந்தது. இரண்டு மட்டும் மினுங்கியது. மற்ற மூன்றும் குருடு. சாய்த்துப் பார்த்தேன். அந்த மூன்றுக்கும் வயரே போகவில்லை. அழகுக்கு ஒட்டி வைத்திருந்தது.

மூடியைத் திருகிப் பற்றரியை வெளியே எடுத்தேன். 9900 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தது. பார்க்க இரும்புத் துண்டு, தூக்கினால் சோளப்பொரி. விழுந்ததில் அடித்தகடு கழன்றிருந்தது. மேசையில் பத்திரிகையை விரித்துத் தட்டினேன். மாவு கொட்டியது. வெள்ளை மாவு, கட்டி கட்டியாக. அதன் நடுவே மஞ்சள் நாடா சுற்றிய ஒரு சின்னப் பற்றரி, என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை, நழுவி விழுந்தது. தாங்கி என்று சொன்னானே, அந்தத் தாங்கிக்குள் ஒரு சிரட்டைத் தண்ணீர். மிச்சம் எல்லாம் மாவு.

வயல்காரர் குனிந்து பார்த்தார். “இதென்ன, மாவோ?”

மனைவி ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

தம்பி தலையை நிமிர்த்தக்கூட இல்லை. “அது சூடு ஏறாமல் உள்ளுக்குப் போடுற மருந்து ஐயா. இல்லாட்டிப் பற்றரி வெடிச்சிடும். அதைத் தொடாதையுங்கோ அம்மா, கைக்குக் கூடாது” என்றான்.

அவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். அந்த அம்மா அவசரமாக விரலைச் சீலையில் துடைத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் குமட்டியது. மாவை அடைத்தவன் யாரோ, அவனை நான் காணப்போவதில்லை. இந்தப் பொய் என் கண்முன் பிறந்தது. ஒரு மூச்சுகூடத் தயங்காமல், அக்கறை மாதிரி வந்தது.

நான் பின்னறைக்குப் போனேன். அங்கே தம்பி பூட்டி வைத்திருக்கும் அலுமாரி ஒன்று உண்டு. அவன் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ டோர்ச் தேவைப்பட்டால் அதற்குள் இருந்துதான் எடுத்துக் கொடுப்பான். முன்தட்டில் இத்தனை இருக்க ஏன் அதற்குள் இருந்து எடுக்கிறான் என்று நான் யோசித்ததில்லை. அன்றைக்குத் திறப்பு அலுமாரிப் பூட்டிலேயே தொங்கியது.

திறந்தேன். மேல்தட்டில் கறுப்பு நிறத்தில், கழுகும் மின்னலும் இல்லாத சாதாரணப் பெட்டிகள் சில. ஆயிரம் லூமன் என்று சின்ன எழுத்து. பற்றரியில் 3000. கையில் எடுத்தால் கனத்தது. லிங்கநகரில் என் கட்டில் தலைமாட்டில் இருக்கும் டோர்ச்சும் இதுதான். தம்பி தந்தது. ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

கீழ்த்தட்டில் பளபளவென்று மெல்லிய பிளாஸ்ரிக் உறைகள், சுருள் சுருளாக. 6800, 9900 என்று இலக்கம் அடித்தது. பக்கத்தில், உறையைச் சுருக்கி ஒட்டவைக்கச் சூடுகாற்று ஊதும் கருவி. காலடியில் இருந்த குப்பை வாளியில், பற்றரிகளில் இருந்து உரித்த பழைய உறைகள். எல்லாவற்றிலும் 1200. அந்த 1200ஆவது உண்மையோ யாருக்குத் தெரியும். உரித்துப்போட்ட தோல்கள் மாதிரி அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெளிநாட்டில் அடித்து வருகிறது என்றானே. பற்றரி இலக்கத்துக்கு வெளிநாடு இந்த அறைதான்.

கறுப்பு டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து வயல்காரரின் இடது கையில் வைத்தேன். “இதைக் கொண்டுபோங்கோ.”

தம்பியின் முகம் மாறியது. வாடிக்கைக்காரருக்கு முன் சத்தம் போட ஏலாமல் தொண்ணூறாயிரத்தை மேசையில் வைத்தான்.

வயல்காரர் பெட்டியை வாசித்தார். “இதில ஆயிரம்தானே அம்மா போட்டிருக்கு? தம்பி தாறதில தொண்ணூறாயிரம் கிடக்கு.” அவருக்கு மனவருத்தம். நான் அவரை மட்டமாக நினைக்கிறேன் என்று எண்ணியிருக்கவேண்டும்.

“இரண்டையும் எரிச்சுப் பார்ப்பம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றேன்.

இரண்டு டோர்ச்சிலும் நிறைய சார்ஜ் இருக்கிறதா என்று மீற்றரால் பார்த்தேன். இரண்டும் 4.2க்குக் கிட்டக் காட்டின. பின்னறையின் இருட்டுச் சுவரைப் பார்த்து இரண்டையும் மேசையில் வைத்து எரியவிட்டேன். உண்மையைச் சொன்னால், முதலில் பெரிய வித்தியாசம் இல்லை. தொண்ணூறாயிரம் கொஞ்சம் கூடப் பிரகாசமாகக்கூட இருந்தது. வயல்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தம்பி கதவு நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றான். எதிர்த்த தேத்தண்ணிக் கடையில் இருந்து பிளேன்ரீ வந்தது. அந்த அம்மா யானை மிதித்த வேலியைப் பற்றியும், வங்கியில் வேலை செய்யும் மகளைப் பற்றியும் கதைத்தார். நான் ஓம் ஓம் என்றேனே தவிர என் கண் சுவரில்தான்.

கோப்பையின் அடியில் சீனி தெரியும் நேரம் தொண்ணூறாயிரத்தின் வட்டம் மங்கத் தொடங்கியது. பிறகு சறுக்கி விழுந்தமாதிரி இறங்கியது. கடைசியில் சுவரில் ஒரு சாம்பல் கறை மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் ஆயிரம் லூமன் அப்படியே நின்றது.

மீற்றரை மறுபடி வைத்தேன். ஒன்று மூன்றுக்குக் கிட்ட இறங்கிவிட்டது. மற்றது நாலில் நின்றது. தம்பி எனக்குச் சொன்ன தாங்கிக் கதையையே நான் அவர்களுக்குச் சொன்னேன். உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், உள்ளே கிடக்கிற தண்ணீர்தான் வித்தியாசம், என்றேன்.

வயல்காரர் இடது கையால் இரண்டு டோர்ச்சையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். பிறகு, “குளத்தில தண்ணி இல்லை, வாய்க்காலை மட்டும் அகலமா வெட்டி வச்சிருக்கு” என்றார்.

“ஓம், அதுதான்.”

“அப்ப அந்த மருந்து?” என்று கேட்டார் அவர் மனைவி. என்னைக் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார்.

தம்பி சிரித்தான். “எங்களுக்கும் கொம்பனிக்காரன் அப்பிடித்தான் அம்மா சொன்னவன். அக்கா தந்ததையே கொண்டுபோங்கோ. நீங்கள் காசு ஒண்டும் தரவேண்டாம்.”

அந்த அம்மா கறுப்பு டோர்ச்சைச் சீலைத் துண்டில் சுற்றினார். போகும்போது என்னிடம், “வாறன் அக்கா” என்றார். தம்பியிடம் சொல்லவில்லை. அவர் கணவர் மட்டும் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

அவர்கள் பஸ் நிலையப் பக்கம் திரும்பும் மட்டும் தம்பி காத்திருந்தான்.

“என்ன வேலை அக்கா செய்தனீங்கள்? என்ர கடையில வச்சு என்னைக் கள்ளனாக்கிறீங்கள்.”

“அலுமாரியைத் திறந்தனான். உறையையும் கண்டனான்.”

கொஞ்சம் அடங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னப்பிள்ளைக்கு விளக்குவது மாதிரித் தொடங்கினான். “நான் மட்டுமா? இந்த வீதியில ஏறி இறங்கிப் பாருங்கோ. முதல் நானும் உண்மையான இலக்கத்தோடதான் வச்சனான். ஒருத்தரும் தொடயில்லை. சனத்துக்கு இலக்கம் வேணும், குடுக்கிறன்.”

“அண்டைக்கு அந்தாள் செத்திருக்கும்.”

“சாகயில்லையே.”

“தெரியாமல் வித்தாய் எண்டா நான் ஒண்டும் சொல்லமாட்டன். உனக்கு எல்லாம் தெரியும். எனக்கே படிப்பிச்சனீ. தெரிஞ்சுதானே உன்ர வீட்டுக்கு வேற, சனத்துக்கு வேற எண்டு பூட்டி வச்சிருக்கிறாய்?”

அவன் உண்மையாகவே மனம் நொந்தவன் மாதிரி என்னைப் பார்த்தான். “உங்களுக்கும் அந்த நல்லதைத்தானே அக்கா தந்தனான்” என்றான்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க ஏலவில்லை. என்மேல் அவனுக்குப் பாசம் இருந்தது, அதில் பொய் இல்லை. இருட்டில் அக்கா தடக்கி விழக்கூடாது என்று நினைத்தவன்தான். அதே கையால், கிளிவெட்டிக்காரர் யானைக்கு முன் நிற்பதற்கு மாவு அடைத்த பற்றரிக்கு உறை மாற்றிக் கொடுத்தான். இரண்டும் ஒரே ஆள். மேசையில் கடித்த மிச்ச ரோல்ஸும் பக்கத்திலேயே அந்த மாவும் கிடந்தன. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மீன் லொறிகளுக்குப் பின்னால் கழிவுநீர்க் கானோரம் குந்தி, குடித்த பிளேன்ரீ முழுவதையும் வாந்தியெடுத்தேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தார்கள். வெயில் என்று நினைத்தார்கள். நானும் வெயில் என்றேன்.

அதன்பிறகு கடைக்குப் போகவில்லை. தம்பியின் மனைவி இரண்டு தரம் போன் எடுத்தாள். என்ன நடந்தது என்று அவன் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சூப் வைத்து மகளிடம் அனுப்பினாள். குடித்தேன். அவளில் என்ன பிழை.

அறுவடை முடிந்த கிழமை தம்பியே வந்தான். என் விறாந்தைக் கதிரையில் இருந்து, பிள்ளைகளின் படிப்பு, அரிசி விலை எல்லாம் கதைத்தான். கறுப்பு டோர்ச்சுகளை முன்தட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னான். ஒரு கணம் எனக்கு மனம் இளகியது.

“விக்குதோ?” என்று கேட்டேன்.

“ஆர் வாங்கிறது? ஆயிரம் எண்டதைக் கண்டா சிரிக்குதுகள். நான் சொன்னனான்தானே” என்றான். தான் வென்றுவிட்டவன் மாதிரி முகம்.

“அந்த உறைச் சுருளை என்ன செய்தனீ?”

“அது கிடக்கு.”

நான் எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தேன். அவன் மறித்து, காற்சட்டைப் பையில் இருந்து கடைத் திறப்பை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

“திரும்பி வாங்கோ அக்கா. கிளிவெட்டியில இருந்து நாலைஞ்சு பேர் வந்து உங்களைத்தான் கேட்டவை. எந்த டோர்ச் நல்லது எண்டு கடையில இருந்த அம்மாவிட்டத்தான் கேட்கவேணுமாம். நீங்கள் கதிரையில சும்மா இருந்தாலே காணும். உங்கட முகத்தைக் கண்டா சனம் நம்புது.”

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. நல்ல யோசனை ஒன்று கிடைத்த சந்தோஷம் கண்ணில் தெரிந்தது. பற்றரிக்கு 9900 உறை போடுகிறமாதிரிக் கடைக்கு என் முகத்தைப் போடப் பார்க்கிறான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும், கத்தியிருப்பேன். வந்தது அதே குமட்டல்தான்.

“கொண்டுபோ” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்கோவன்.”

“திறப்பைக் கொண்டுபோ தம்பி.”

திறப்பைக் கையில் வைத்து உருட்டினான். பிறகு எழும்பி, படலையைச் சாத்தாமலே போனான். நான் போய்ச் சாத்தினேன். கிளிவெட்டிக்காரர் திரும்பவும் வந்தால் எங்கே அனுப்புவது என்று யோசித்தேன். அந்த வீதியில் எனக்குத் தெரிந்த கடை வேறு ஒன்றும் இல்லை.